மாப்பிள்ளையை சர்வரில் உட்கார வைத்த வருடம்

புதிதாக வேலைக்கு வந்தவர்கள் என்னைப் பார்த்தால் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "அண்ணா, எந்த லினக்ஸ் போடலாம்?" எந்த மெஷினில் என்று திருப்பிக் கேட்பேன். "எல்லாத்துலயும்தாண்ணா" என்பார்கள். அந்த 'எல்லாத்துலயும்' காதில் விழுந்தால் இன்றைக்கும் கையிலிருக்கிற வேலையைக் கீழே வைத்துவிடுவேன். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றி முதலில் கொஞ்சம். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மேற்குத் தாம்பரத்தில் டி.வி. ரிப்பேர் கடையில் ஆரம்பித்து, கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் பழகி, கடைசியில் சின்ன ஆபீஸ்களின் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கிற வேலையில் வந்து நின்றேன். ஒரு மொபெட், ஒரு தோள்பை. தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம் வரை எங்கே கூப்பிட்டாலும் போவேன். இங்கிலீஷை எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். அதனால் திரையில் வருகிற வரியை யாரைவிடவும் மெதுவாகப் படிக்கிற பழக்கம் வந்தது. இன்னொரு பழக்கம் பிறவியிலேயே வந்தது: பயம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவன் நான். பையில் எதுவும் இரண்டிரண்டாக இருக்கும். ஸ்க்ரூ டிரைவர் இரண்டு, கேபிள் இரண்டு, எந்த சி.டி. என்றாலும் இரண்டு காப்பி. பயந்தவன்தான் இந்த வேலைக்கு லாயக்கு என்று சொல்வார்கள். அதில் பாதி உண்மை. மற்றப் பாதி எனக்கு ஓர் ஆயுத பூஜையின்போதுதான் தெரிந்தது.

லினக்ஸ் என்பது கம்ப்யூட்டரை ஓட்டுகிற, காசில்லாமல் கிடைக்கிற அடிப்படை சாஃப்ட்வேர்; அதன் வகைகளின் பெயர்களை நான் இங்கே சொல்லப் போவதில்லை. பெயரைச் சொன்னால் அதைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு நிற்பீர்கள், விஷயம் போய்விடும். மாவு ஒன்றுதான். ஒருவர் இட்லி ஊற்றுகிறார், ஒருவர் ஊத்தப்பம் போடுகிறார். இந்தத் தொழிலில் இருந்த நாங்கள் அந்தக் காலத்தில் இரண்டே பெயர் வைத்திருந்தோம். ஒன்று மாமனார், இன்னொன்று மாப்பிள்ளை.

மாமனார் என்பது பல வருடத்துக்கு ஒரு முறைதான் மாறுகிற வகை. அதே வேட்டி, அதே மூலை நாற்காலி. ஏதாவது ஓட்டை இருந்தால் அடைப்பார், அதற்குமேல் ஒன்றும் செய்ய மாட்டார். பேச்சும் குறைவு. ஆனால் குடும்பம் நடக்கும். மாப்பிள்ளை அப்படி இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுத் துணி. நேற்று கடைக்கு வந்த பிரிண்டரும் அவருக்குத் தெரியும், சவுண்டு கார்டும் தெரியும். பார்க்க லட்சணமாக இருப்பார். வாரத்துக்கு ஒரு தடவை ஏதாவது மாற்றிக்கொண்டே இருப்பார், மாற்றும்போது பழையதைத் தூக்கிப் போட்டுவிடுவார். இரண்டு பேருமே நல்லவர்கள். எந்த இடத்தில் யாரை உட்கார வைப்பது என்பதுதான் கேள்வி.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் அஸ்தினாபுரத்தில் ஒரு ஆபீஸ் என் பொறுப்பில் இருந்தது. கீழே பெயிண்ட் கடை, மாடியில் ஒரே ஒரு ஹால். அமெரிக்க டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாயால் சொல்லிப் பதிவு செய்வதை இங்கே பெண்கள் கேட்டு டைப் அடித்து அனுப்புவார்கள். அப்போது தென்சென்னைப் பக்கம் தெருவுக்கு ஒன்று இப்படி இருந்தது. ஒவ்வொரு மேஜையின் கீழும் தையல் மெஷின் மாதிரி ஒரு பெடல். மிதித்தால் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் வாயை மூடுவார், பின்பக்கம் மிதித்தால் சொன்னதையே திரும்பச் சொல்வார். "எங்கூட்டுக்காரருக்கும் இந்த மாதிரி ஒண்ணு வச்சுக் குடுண்ணா" என்று அந்தப் பெண்கள் என்னைக் கேட்காத நாள் கிடையாது.

ஆபீஸின் முதலாளி தணிகாசலம். பள்ளிக்கரணையில் ஏரியை ஒட்டி நிலம் வைத்திருந்த குடும்பம். நெல் போட்டவர்கள். நிலம் மனையானதும் அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொண்டு ஆளுக்கொரு தொழிலில் இறங்கினார்கள். இவர் இதில் இறங்கினார். கம்ப்யூட்டரைத் தொட மாட்டார். அவருக்கு அது ஒரு பம்ப் செட். என்னை "மெக்கானிக்" என்றுதான் கூப்பிடுவார்.

அந்த ஹாலை நடத்தியது செல்வி. கோவளத்துக்காரி, மீனவக் குடும்பம். அவள் அம்மா கேளம்பாக்கம் மார்க்கெட்டில் மீன் விற்றுக்கொண்டிருந்தார். செல்வி பி.காம். முடித்து இந்த வேலைக்கு வந்து, தன் ஊரிலிருந்தும் பக்கத்துக் குப்பங்களிலிருந்தும் பெண்களை ஒவ்வொருவராகக் கூட்டி வந்து சேர்த்தாள். செல்வி இருக்கிறாள் என்பதற்காகத்தான் அந்த வீடுகளில் பெண்களை அனுப்பினார்கள். இது பின்னால் முக்கியம், அதனால் சொல்கிறேன்.

திருட்டு சாஃப்ட்வேர் வைத்திருக்கிற ஆபீஸ்களில் சோதனை நடக்கிறது என்று ஒரு பேச்சு கிளம்பியது. தணிகாசலம் பயந்துபோய் "எல்லாத்தையும் எட்து கடாசு மெக்கானிக், ஃப்ரீயா கெடைக்குதே அத்தப் போடு" என்றார். நான் என் வழக்கப்படி மேஜைகளுக்கும் மாமனாரைத்தான் போட்டுப் பார்த்தேன். அவருக்குப் பெடல் என்றால் என்னவென்றே தெரியவில்லை. மிதித்தால் ஒன்றும் நடக்காது. மாப்பிள்ளையைப் போட்டேன், மிதித்த உடனே டாக்டர் பேசினார். சரி, மேஜைக்கு மாப்பிள்ளை என்று முடிவாயிற்று. மேஜைக்கு எப்போதுமே அதுதான் கணக்கு: உட்காருகிற ஆளின் கைக்கும் காலுக்கும் எது ஒத்துப்போகிறதோ அது.

மிச்சம் இருந்தது சர்வர். அமெரிக்காவிலிருந்து குரல் பதிவுகளை வாங்கி வைப்பது, பெண்களுக்குப் பிரித்துக் கொடுப்பது, அடித்து முடித்ததைத் திருப்பி அனுப்புவது எல்லாம் அந்த ஒரு பெட்டிதான். அதற்கு மாமனார் என்றேன். தணிகாசலத்துக்கு முகம் மாறிவிட்டது.

"ஒரே வூட்ல ரெண்டு அடுப்பா?"

"அப்படி இல்ல சார். இது வேற வேலை, அது வேற வேலை."

"கெணத்துக்கு ஒரு மோட்டார், வூட்டுக்கு ஒரு மோட்டார் வாங்கறேன். ரெண்டும் ஒரே கம்பெனின்னா ஸ்பேர் சுலுவா கெடைக்கும். ஒருத்தனே வந்து ரெண்டையும் பாப்பான். அதுல இன்னா தப்பு?"

தப்பு ஒன்றும் இல்லை. இன்றைக்கு யோசித்தாலும் அது நியாயமான பேச்சுதான். ஒரே வகை இருந்தால் ஒரே கை பார்த்துக்கொள்ளும். அதற்கு எதிராகச் சொல்ல என்னிடம் இருந்தது ஒரு பயம் மட்டும்தான். பயத்தை நியாயமாக மாற்றிச் சொல்லுகிற படிப்பு என்னிடம் இல்லை. "இது அடிக்கடி மாறும் சார்" என்றேன். "மாறினா நல்லதுதானே" என்றார். மாப்பிள்ளை சர்வரில் உட்கார்ந்தார்.

ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு பிசகும் இல்லை. அந்த சர்வரில் ஹார்ட் டிஸ்க்குகளை மேய்ப்பதற்கு என்று தனியாக ஒரு கார்டு இருந்தது, கொஞ்சம் பழைய சரக்கு. மாப்பிள்ளை அதையும் ஏற்றுக்கொண்டார். வாராவாரம் இன்டர்நெட்டிலிருந்து புதுச் சரக்கு இறங்கும், போட்டுக்கொள்வார். போட்ட பிறகு "ஒரு தடவை அணைத்துப் போடவும்" என்று மரியாதையாக ஒரு வரி காட்டுவார். மேஜை மெஷின்களைப் பெண்கள் தினமும் அணைத்துவிட்டுத்தான் போவார்கள். சர்வரை யாரும் அணைக்கவில்லை. ஓடுகிற வண்டியை ஏன் நிறுத்துவது? யு.பி.எஸ். உண்டு, ஜெனரேட்டர் உண்டு. செல்வி ஒரு காகிதத்தில் 'கை வெச்ச, கை இருக்காது' என்று எழுதி சுவிட்சின் மேல் ஒட்டினாள். அணைக்காமல் எத்தனை நாளாக ஓடுகிறது என்று மெஷினே ஒரு கணக்குக் காட்டும் அல்லவா, வருகிறவர்களுக்கெல்லாம் தணிகாசலம் அதைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் உள்ளூர ஒரு நிம்மதி. அணைக்காதவரை பயமில்லை.

இதை ஒரு வீடு மாதிரி யோசித்துப் பாருங்கள். வீட்டுக்காரர் உள்ளேயே இருக்கிறார், வெளியே போவதே இல்லை. அவர் உள்ளே இருக்கும்போதே யாரோ வாரத்துக்கு ஒரு முறை வாசல் பூட்டை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். அவர் கையில் இருப்பது முதல் பூட்டின் சாவி. உள்ளே இருக்கிறவரை அவருக்கு எந்தக் குறையும் தெரியாது. ஒரு நாள் வெளியே போய்த் திரும்பி வந்தால்தான் தெரியும்.

அந்த வருடம் வேலை குறைந்து, ஆபீஸ் ஆட்டம் கண்டது. பழைய கிளையன்ட் ஒருவர் போய்விட்டார். தணிகாசலத்தின் அண்ணன் வந்து ஹாலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பேசாம இத்த சின்ன ஃபங்ஷன் ஹாலா மாத்திடு, காதுகுத்து, வளைகாப்புக்கு விட்டாப் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். தணிகாசலமும் பாதி மனதில் இருந்தார். அப்போதுதான் ஒரு பெரிய கிளினிக் ஒரு வாரம் சோதனையாக வேலை கொடுத்துப் பார்ப்பதாகச் சொன்னது. நிபந்தனை ஒன்றுதான். காலையில் வருகிற பதிவுகள் அன்று மாலைக்குள் திரும்பிப் போக வேண்டும். ஒரு நாள் தவறினாலும் பேச்சு முடிந்தது.

"தவறிச்சுன்னா இன்னா ஆவும்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"எங்கம்மா கூடையோட ரெடியா கீது. நேரா என் தலைல ஏத்திடும்" என்றாள் செல்வி. "உன் தலைக்கும் ஒண்ணு கீது, கவலைப்படாத."

எல்லோரும் சிரித்தார்கள். செல்வி சிரிக்கவில்லை. அத்தனை வீடுகளுக்கும் போய் அவள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அந்த ஒரு வாரத்தின் நடுவில் வந்து விழுந்தது ஆயுத பூஜை.

செல்வி பேசி ஒரு வழி பண்ணியிருந்தாள். பூஜையன்று மதியத்துக்குள் வேலையை முடித்து அனுப்பிவிடுவது, அதற்குப் பிறகு பூஜை, மறுநாள் விஜயதசமி அன்று விடிந்ததும் எல்லோரும் வந்து உட்காருவது. அதெல்லாம் சரியாக நடந்தது. மதியம் தணிகாசலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். மேஜை மெஷின்கள், பெடல்கள், ஜெனரேட்டர், என் மொபெட் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். ஸ்டோர் ரூமில் தூசி படிந்து கிடந்த பழைய சர்வர் ஒன்று, இப்போதைய பெட்டி வருவதற்கு முன்னால் இருந்தது, அதையும் தூக்கி வரச் சொன்னார்.

"அது எதுக்கு சார், செத்துப்போன மெஷின்" என்றேன்.

"செத்துப்போச்சா? நாமதான் கட்ட அவுத்து வுட்டோம். ஒழச்ச மாடுய்யா அது." அவரே துணியால் துடைத்துப் பொட்டு வைத்தார். பிறகு ஓடிக்கொண்டிருந்த சர்வர் பக்கம் திரும்பினார். "இத்த ஏன் இன்னும் நிறுத்தல?"

"அதை நிறுத்துறதில்ல சார்."

"ஓடற மாட்டுக்கு எவனாவது பொட்டு வெப்பானா? எங்கப்பா காலத்துல இன்னிக்கு ஏத்தம் கூட எறங்காது. ஒரு ராத்திரி தூங்கட்டும். நாளைக்குக் கற்பூரம் காட்டி எழுப்பிக்கலாம்."

நான் செல்வியைப் பார்த்தேன். அவள் சுவிட்சின் மேலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். ஊரில் அவர்களும் பூஜைக்குப் படகை இறக்க மாட்டார்கள். "அணைச்சா திரும்பி வருமில்ல?" என்று மெதுவாகக் கேட்டாள். வராமல் இருக்கக் காரணம் எதுவும் எனக்குத் தெரியாது. வழக்கம்போலப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். என் பயத்தை நானே நம்பாத அளவுக்கு எனக்கு எப்போதும் பயம். அணைப்பதற்கு முன் அன்றைய தேதிக்கு எல்லாவற்றையும் சி.டி.யில் காப்பி எடுத்து, வழக்கம்போல இரண்டாக, பையில் போட்டுக்கொண்டேன். தணிகாசலம் காகிதத்தைக் கிழித்துவிட்டு சுவிட்சை அழுத்தினார். ஃபேன் சத்தம் நின்றது. அந்த ஹாலில் அப்படி ஒரு சத்தம் இருந்ததே அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

விஜயதசமி காலை. கற்பூரம் காட்டி சுவிட்சைப் போட்டார். திரையில் வரிகள் ஓடின. பாதியில் நின்றன. கடைசி வரியை எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஹார்ட் டிஸ்க்கே இல்லை என்றது. மறுபடி அணைத்துப் போட்டேன், அதே வரி. இத்தனை மாதம் மாப்பிள்ளை மாற்றிக்கொண்டே வந்த புதுச் சரக்கில் ஏதோ ஒன்றுக்கு அந்தப் பழைய கார்டை அடையாளம் தெரியவில்லை. அடையாளம் தெரிந்த பழைய சரக்கை அவர் எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டார். அது நேற்று மதியம் வரை மெஷினின் நினைவில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் அணைத்ததோடு அதுவும் போயிற்று.

"எலுமிச்சம்பழம் நசுக்காம வுட்டுட்டமா?" என்றார் தணிகாசலம்.

பெண்கள் ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மெஷினைப் பிரித்தேன். கார்டைக் கழற்றித் துடைத்து வேறு இடத்தில் சொருகினேன். ஒன்றுமில்லை. மறுபடி கழற்றினேன். ஸ்க்ரூ ஒன்று உள்ளே விழுந்தது, அதைத் தேடினேன். இந்த இடத்தைக் கவனியுங்கள். ஏதோ செய்துகொண்டிருக்கிறோம் என்ற எண்ணம் அந்த நேரத்தில் ஒரு போதை. செய்வது உதவுகிறதா என்று கேட்கத் தோன்றாது.

செல்வி பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, இத்த எப்ப முடிப்ப?"

"தெரியலம்மா."

"மத்தியானத்துக்குள்ள?"

"தெரியல."

"அப்ப இத்த வுடு. இன்னிக்கு வந்த டாக்டரு பேச்செல்லாம் எங்க கீது? இதுக்குள்ளயா?"

"இல்ல. இன்னும் இறக்கவே இல்ல. கிளினிக்கோட கம்ப்யூட்டர்லதான் இருக்கு."

"அப்ப அது கெட்டுப்போவல. நம்ம பொட்டிதான் கெட்டிருக்கு." எழுந்து புடவையைத் தட்டினாள். "வேலை கெடலண்ணா. ஒக்கார்ந்து ஸ்க்ரூ தேடிகினு கீறயே."

நான் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தேன். இதற்குப் பிறகு யோசித்ததைத்தான் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இருந்த வழிகள் மூன்று. சர்வரில் இருப்பதை அழித்துவிட்டு அதிலேயே புதிதாகப் போடுவது ஒன்று. காப்பிதான் பையில் இருக்கிறதே என்று தணிகாசலம்கூடச் சொன்னார். காப்பி இருக்கிறது என்பது வேறு, காப்பி திறக்கிறது என்பது வேறு. பயத்தில் இருக்கும்போது எதையும் அழிக்கக் கூடாது. அந்தப் பெட்டியை மூடி ஓரமாக வைத்தேன். இரண்டாவது, ஒரு மேஜை மெஷினையே சர்வராக்குவது. உடனே முடியும். ஆனால் ஒரு ஆள் சும்மா உட்கார வேண்டும், அத்தோடு மறுபடியும் மாப்பிள்ளைதான் சர்வரில். மூன்றாவது, பொட்டு வைத்துக்கொண்டு பூஜை மேஜையின் மேலேயே இன்னும் உட்கார்ந்திருந்த அந்தப் பழைய சர்வர். மாப்பிள்ளையைத் தாங்க அதன் மெமரி போதாது. மாமனார் என்றால் நடக்கும். ஆனால் அதைத் தயார் செய்ய நேரம் பிடிக்கும்.

இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்தேன். "உன் மெஷினைக் குடு" என்றேன் செல்வியிடம். காலைப் பதிவுகளை அதில் இறக்கி, பென் டிரைவில் போட்டு, மேஜை மேஜையாக அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். "சுண்டல், சுண்டல்" என்று கூவிக்கொண்டே போனாள். பெடல்கள் தட்டுகிற சத்தம் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. முதலில் வேலை ஓட வேண்டும், அப்புறம்தான் நிலைக்க வைப்பது. நான் பழைய பெட்டியிடம் போனேன்.

பழையதில் சி.டி. தட்டு திறக்கவில்லை. தணிகாசலம் நேற்று வைத்த சந்தனம் விளிம்பில் காய்ந்து ஒட்டியிருந்தது. செல்வி தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை எடுத்து நீட்டினாள். தட்டுக்குக் கீழே இருக்கிற சின்ன ஓட்டையில் குத்தினால் திறக்கும். திறந்தது, உள்ளே ஒரு சாமந்தி இதழ்.

"சாமி கொஞ்சம் அதிகமாவே குந்திச்சு" என்றாள் செல்வி.

தணிகாசலம் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மாமனார் மெதுவாகத்தான் ஏறினார். கேட்ட கேள்விக்கெல்லாம் பழங்காலத்து வெள்ளை எழுத்தில் பதில். படம் இல்லை, வண்ணம் இல்லை. மாமனாரின் முதல் சி.டி. கீறல் விழுந்த ஓரிடத்தில் நின்றது, பையிலிருந்து அதன் இரண்டாவது காப்பியை எடுத்தேன். வாழ்க்கையில் ஒரு தடவையாவது அந்த இரண்டாவது காப்பி பயன்பட்டது என்று என் மனைவியிடம் இன்றைக்கும் சொல்வதுண்டு. பெண்கள் சாப்பிடப் போகிற நேரத்துக்கு அது எழுந்து நின்று மேஜை மெஷின்களோடு இணைந்தது. முடித்த ரிப்போர்ட்டுகளை அதில் சேர்க்க ஆரம்பித்தோம். செல்வி தன் மேஜைக்குத் திரும்பி, தன் பங்குப் பதிவுகளை அடித்தாள். வேகமாகப் பேசுகிற ஒரு டாக்டர் இருந்தார், அவரை எப்போதும் அவள்தான் எடுப்பாள். கடைசி ரிப்போர்ட் அவருடையது. வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே அது போய்ச் சேர்ந்தது.

கிளினிக்கிலிருந்து பாராட்டும் இல்லை, புகாரும் இல்லை. மறு வாரமும் பதிவுகள் வந்தன, அதற்கு மறு வாரமும். அதுதான் பதில் என்று புரிந்துகொண்டோம்.

அடுத்த சில நாட்களில் ஓரமாக வைத்திருந்த பெட்டியை நிதானமாகத் திறந்தேன். மாமனார் சி.டி.யைப் போட்டு எழுப்பினால் அந்தக் கார்டும் தெரிந்தது, டிஸ்க்கும் தெரிந்தது, எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. அன்று காலை அழித்திருந்தால் அழித்ததுதான். தணிகாசலம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இனி இதில் எதைப் போடப் போகிறாய் என்று அவர் கேட்பதற்காகக் காத்திருந்தேன். அவர் வேறு எதையோ பேசினார்.

"எங்கம்மா செத்த வருஷம் நெலத்துக்கு நடுவுல முள்வேலி போட்டோம் மெக்கானிக். எங்கண்ணன் அந்தாண்ட, நான் இந்தாண்ட. ரெண்டு அடுப்புன்னு ஊரே பேசிச்சு. எனக்கும் அது பெரிய கொறையாத்தான் இருந்திச்சு." பெட்டியின் மூடியைக் கையால் தட்டினார். "ஆனா பட்டினி யாரும் கெடக்கல. அவரு வூட்லயும் பொங்குது, என் வூட்லயும் பொங்குது. வெச்சிக்க ரெண்டு அடுப்பு."

"சரி சார்."

"ஆனா பூஜைக்கு ரெண்டும் அணையணும்."

அதற்கு நான் உடனே தலையாட்டவில்லை. வீட்டுக்குப் போய் நிறைய யோசித்தேன். அவர் மேல் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. பூஜைக்கு அணைத்ததால் அந்த சர்வர் கெடவில்லை. அது பல மாதமாகவே கெட்டுப்போய்த்தான் ஓடிக்கொண்டிருந்தது, அணைத்தபோதுதான் நமக்குத் தெரிந்தது. நாங்கள் அணைக்காமல் விட்டிருந்தால், ஜெனரேட்டரும் யு.பி.எஸ்.ஸும் சேர்ந்து கைவிடுகிற ஏதோ ஒரு மழை நாளில், என் பையில் புதுக் காப்பி இல்லாத நேரத்தில் தெரிந்திருக்கும். ஒரு மெஷினை அணைக்கப் பயமாக இருந்தால் அதுதான் முதலில் அணைத்துப் பார்க்க வேண்டிய மெஷின். எனக்கு அத்தனை வருடமும் இருந்த பயம் சரியான பயம்தான். அதை நான் பூட்டி வைத்துக் காவல் காத்தேன். வேலைக்கு அனுப்பவில்லை.

ஆகவே எந்த லினக்ஸ் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மேஜைக்கு உட்காருகிற ஆளைக் கேளுங்கள். அவர் காலுக்குப் பெடல் ஓட வேண்டும், கண்ணுக்கு நன்றாக இருக்க வேண்டும், அதற்கு மாப்பிள்ளைதான். தினமும் அணைத்து எழுப்புகிற மெஷின் அது, ஏதாவது கோளாறு என்றால் அன்றைக்கே தெரிந்துவிடும், கெட்டாலும் ஒரு ஆள்தான் சும்மா இருப்பார். சர்வருக்கு, யாரும் பார்க்காமல் மூலையில் கிடந்தாலும் தானாக மாறாத ஒன்றைத் தேடுங்கள். அது பழசாகத் தெரியும், உங்கள் நண்பர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இரண்டையும் ஒன்றாகவே வைக்கச் சொல்லி முதலாளி நியாயமாகப் பேசினால், அந்த நியாயத்தையும் காது கொடுத்துக் கேளுங்கள். ஆனால் உங்களுக்கு ஏன் பயமாக இருக்கிறது என்பதை அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லப் பழகுங்கள். என்னால் அன்றைக்கு முடியவில்லை.

மறு வருடமும் ஆயுத பூஜை வந்தது. ஆபீஸ் இருந்தது, பெண்கள் இன்னும் சிலர் கூடியிருந்தார்கள். சர்வரில் மாமனார். தணிகாசலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுவிட்சின் மேல் விரலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். என் கை தோள்பையின் வாரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

செல்வி அதைப் பார்த்துவிட்டாள். "இன்னாண்ணா, இன்னுமா பயம்?"

"ஆமாம்மா."

"அப்புறம் எப்படி அணைக்க வுடற?"

"போன வாரமே நான் வந்து, பட்டப்பகல்ல, நீங்க டீ குடிக்கப் போனப்ப, அணைச்சு எழுப்பிப் பாத்துட்டேன். பட வேண்டிய பயத்தையெல்லாம் அன்னிக்கே பட்டு முடிச்சாச்சு."

தணிகாசலம் சுவிட்சை அழுத்தினார். சத்தம் நின்றது. செல்வி குங்குமத்தைத் தொட்டு சர்வரின் நெற்றியில் வைத்தாள், சி.டி. தட்டுப் பக்கம் போகாமல்.